மூன்று மணிக்குத் திரும்பும் மாடுகள்

ராசா,

சுகமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைதான் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மாத்திரையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "முழுங்கிட்டுப் படும்மா, கதை பேசாத" என்று அதட்டிவிட்டு, வீடு கட்டுகிற வேலையைப் பார்க்க ஊருக்குப் போனாய். நானும் சுகம்தான். இடுப்பில் கம்பி வைத்த எழுபத்தோரு வயசுக்காரி எம்புட்டு சுகமாக இருக்க முடியுமோ அம்புட்டு. ஒரே வீட்டு ஆட்களுக்குள் எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். ஃபோனில் யார் பேசினாலும் "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்க்கிறவன் நீ. நேரில் சொல்லலாம் என்றால், சொல்லத் தொடங்கி ஐந்தாவது வார்த்தையில் நான் அழுதுவிடுவேன், நீ டாக்டருக்கு ஃபோன் போடுவாய். கோரிப்பாளையத்தில் பிறந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த கை இது. உன் மகளின் பழைய நோட்டில் பாதி வெள்ளையாக இருந்தது. அதில் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று மருமகள் சோறு போடும்போது சொன்னாள். ஊரில் நீ வாங்கியிருக்கும் பழைய மாட்டுக்கொட்டகை இடத்தில் வெள்ளிக்கிழமை ஜேசிபி இறங்குகிறது, முதலில் ஈசானி மூலையில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி, அப்புறம்தான் வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது, வாஸ்துக்காரர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்றாள். ஈசானி மூலையில் என்ன நிற்கிறது என்று கேட்டேன். "உங்க மணிக்கம்பந்தான் அத்தே. அதப் புடுங்கிட்டுத்தான் தோண்டணுமாம்" என்றாள். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. ராசா, அந்த இடத்தைத் தோண்டாதே. ஒரு முழம்கூடத் தோண்டாதே. ஏன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன். ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாக வாயைக் கட்டி வைத்திருந்தவள் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம்ம ஊர் என்னைவிடச் சின்னது என்பது உனக்கு மறந்திருக்கும். நான் உங்க அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயசு, புதுப்பண்ணைக்கு ஆறு வயசு. பேரையூருக்கு அந்தப் பக்கம் கருவேலம்கூட முளைக்க யோசிக்கிற பொட்டலில், நிலமில்லாத நாற்பது குடும்பங்களை ஏழெட்டு ஊர்களிலிருந்து கொண்டுவந்து இறக்கி, கூட்டுப்பண்ணைச் சங்கம் என்று ஒன்றை வைத்து, நடுவில் நீளமாக ஒரு மாட்டுக்கொட்டகையைக் கட்டிக் கொடுத்தார்கள். மாடு முதலில் வந்தது, ஊர் அதைச் சுற்றி அப்புறம் வந்தது. ஆபீஸ் சுவரில் ஊரின் வரைபடத்தைப் பெயின்ட்டில் எழுதியிருந்தார்கள். கொட்டகை, தீவன கோடவுன், கிணறு, வரிசை வீடுகள், பால்வாடி, பூங்காகூட அதில் இருந்தது. சுடுகாடு மட்டும் இல்லை. வரைந்தவருக்கு மறந்துவிட்டது. ஊரில் இருந்த நாற்பது குடும்பத்தில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. ஏனென்றால் எல்லோரும் வாலிப வயசு. யாருக்காவது வயசாகி முடியாமல் போனால், கட்டிலோடு பழைய ஊருக்குத் தூக்கிப்போய்விடுவார்கள். அங்கேயே முடிந்துவிடும். வந்த புதிதில் நான் சாயங்காலம் வெளியே போகப் பயந்தேன். பண்ணை ஆபீசர் சிரித்தார். "பயப்படாதம்மா. இது புது ஊரு. செத்தாத்தான பேயி? இங்க இதுவரைக்கும் ஒருத்தரும் சாகல" என்றார். அவர் மதுரைக்கு அனுப்புகிற அறிக்கையிலும் அதை எழுதுவார் என்று சொல்வார்கள். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

பண்ணைக்கென்று ஒரு சட்டம் உண்டு. மாடு எல்லாருக்கும் சொந்தம், அதனால் ஒருத்தருக்கும் சொந்தமில்லை. யார் வீட்டிலும் மாடு, கன்று கட்டக் கூடாது. பெயர் வைக்கக் கூடாது. காதில் தகடு, தகட்டில் நம்பர், அவ்வளவுதான். பெயர் வைத்தால் அது உன் மாடாகிவிடும், நாளைக்குப் பங்கு கேட்பாய் என்பது ஆபீசரின் கணக்கு. கன்று விழுந்ததும் தாயிடம் ஊட்டவிடாமல் பிரித்துக் கன்றுக்கொட்டகைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அங்கே என் வேலை. பாலில் விரலை நனைத்துக் கன்றின் வாயில் வைப்பேன். சப்பத் தொடங்கியதும் விரலோடு சேர்த்து அதன் வாயை மெதுவாக வாளிக்குள் இறக்குவேன். நாலு நாளில் விரல் இல்லாமலே குடித்துவிடும். தாய் மாட்டுக்குக் கன்றின் முகம் தெரியாது. அது எதைப் பார்த்துச் சுரக்கும்? அதற்குத்தான் மணி. ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு அடிப்பார்கள். மணி விழுந்ததும் தீவனம் விழும், கறவை தொடங்கும். சில மாசத்தில் மணிச் சத்தத்துக்கே எல்லா மாட்டுக்கும் மடி சுரந்துவிடும். வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். அதே மணிக்குத்தான் கைப்பிள்ளைக்காரிகளான நாங்களும் பால்வாடிக்கு ஓடி, பத்து நிமிஷத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கறவைக்கு வரவேண்டும். எங்களுக்கும் நாளாவட்டத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். மணி விழுந்தால் ரவிக்கை நனையும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அன்றைக்கு அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

கைப்பிள்ளைக்காரி என்றேன். நீ அப்போது பிறக்கவில்லை. உனக்கு முன்னால் எனக்கு ஒரு மகன் இருந்தான்.

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைத்துவிட்டேன். மருமகள் வந்து காபி வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். சரி, எழுதுகிறேன். அவனுக்கு ஒன்றரை வயசு. உங்க அப்பாவின் மூக்கு. மாட்டைக் கண்டால் பயமே கிடையாது. நான் கன்றுக்கு விரல் நீட்டினால் இவனும் போட்டிக்கு வந்து வாயைத் திறப்பான். அந்த வருஷம் ஒரு செவலைக் கிடேரிக்கன்று பிறந்தது. மற்றக் கன்றுகளைவிட நோஞ்சான். பிழைக்காது என்று எல்லோரும் விட்டுவிட்டதை நான் கஞ்சித் தண்ணீர் புகட்டிப் பிழைக்கவைத்தேன். யாருக்கும் தெரியாமல் அதற்கு மல்லி என்று பெயர் வைத்தேன். மகனும் நானும் மட்டும் அப்படிக் கூப்பிடுவோம். அவன் வாயில் அது "அல்லி" என்று வரும்.

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்தபின் கொட்டகையில் மாடுகள் விழத் தொடங்கின. காலையில் நின்ற மாடு மத்தியானம் மூக்கிலும் வாயிலும் ரத்தம் ஒழுகிக் கிடக்கும். அடைப்பான் என்றார்கள். ஆபீசர் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார். செத்த மாட்டை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது, முழுசாக ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும், அந்த இடத்தை மூன்று தலைமுறைக்குக் கிளறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கொட்டகையின் வடகிழக்கு முனையில் குழி வெட்டினார்கள். மிச்சமிருந்த கன்றுகளையெல்லாம் தனிக்கொட்டகையில் அடைக்கச் சொன்னார்கள். அங்கே அடைத்தால் மல்லி போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. பார்க்க அது நன்றாகத்தான் இருந்தது. முந்தானைக்குள் மறைத்துத் தூக்கிவந்து வீட்டு அடுப்படிக்குப் பின்னால் சாக்கால் மறைத்துக் கட்டினேன். உங்க அப்பா கத்தினார். "சங்கத்துல தெரிஞ்சா ஆளுக்கு முன்ன நம்மளத்தான் பொட்டியக் கட்டச் சொல்லுவாக. எதுக்குடி இந்த வேல?" என்றார். "ரெண்டே நாளு. நோவு ஓஞ்சதும் கொண்டுபோய் விட்ருவேன்" என்றேன். ரெண்டு நாளும் மகன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினான். மூன்றாம் நாள் விடியும்போது மல்லி விறைத்துக் கிடந்தது. அதன் மூக்கிலிருந்து வழிந்திருந்தது அவன் கையிலும் சட்டையிலும் இருந்தது.

கன்றை உங்க அப்பா சாக்கில் சுற்றிக் குழியில் போட்டுவிட்டு வந்தார். மகனுக்குக் கையில் ஒரு கொப்புளம் வந்தது. நடுவில் கறுத்தது. வலிக்கிறது என்று அவன் அழவே இல்லை, அதனால் நான் பயப்படவில்லை. அப்புறம் காய்ச்சல் வந்தது. சைக்கிளில் வைத்துப் பேரையூருக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் நல்ல மனுஷன். கொப்புளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுல மாடு கன்னு எதுவும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு சொன்னேன், "இல்லீங்க. எங்க ஊர்ல யாரு வீட்லயும் மாடு கெடையாது" என்று. ராசா, அந்த வார்த்தை அம்புட்டு சுலபமாக வந்தது. பத்து வருஷமாக யார் கேட்டாலும் பண்ணைக்காரர்கள் சொல்லிப் பழகிய பதில் அது. செத்துக்கொண்டிருந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சங்கத்தின் சட்டத்தை ஒப்பித்தேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் வேறு ஊசி போட்டிருப்பார். அது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. டி.வி.யில் ஒரு மாட்டு டாக்டர் இந்த அடைப்பானை ஆந்த்ராக்ஸ் என்று சொல்லி, அது ஆளுக்கும் ஒட்டும் என்று பேசினார். நீ சேனலை மாற்றப்போனாய், நான் ரிமோட்டைப் பிடுங்கினேன். எதற்கு இந்தக் கிழவிக்கு மாட்டு நோவு என்று நீ சிரித்தது நினைவிருக்கிறதா?

மறுநாளே அவன் போய்விட்டான். புதுப்பண்ணையின் முதல் சாவு அவன். அப்போதுதான் எல்லோருக்கும் சுவரில் இருந்த வரைபடம் நினைவுக்கு வந்தது. எங்கே புதைப்பது? பக்கத்து ஊர்ச் சுடுகாட்டில் கேட்டோம். "நோவு வந்த ஊரு. ஒங்க சாவ எங்க மண்ணுல வைக்காதீக" என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஆபீசர் மாட்டுக்குத் தடுப்பூசி வாங்க மதுரைக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும். கன்றை மறைத்தது வெளியே தெரிந்தால் நோவு வெளியே பரவிவிட்டது என்று சங்கத்தையே கலைத்துவிடுவார்கள், நாற்பது குடும்பமும் நடுத்தெருவுக்கு வரும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வடகிழக்குக் குழி இன்னும் முழுசாக மூடப்படாமல் இருந்தது, சுண்ணாம்பும் இருந்தது. அதன் விளிம்பில் அவனை வைத்தோம். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்பார்கள். அது சுடுகாடு இல்லையே, அதனால் நானும் நின்றேன். மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது மூன்று மணி ஆகிவிட்டது. பிழைத்த மாடுகளைக் கறந்தாக வேண்டும், மணியை அடித்துவிட்டார்கள். என் ரவிக்கை நனைந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். மணி விழுந்தால் தீவனத் தொட்டிக்குள் தலையை விடுகிற மாடுகள் அன்றைக்கு ஒன்றுகூடக் குனியவில்லை. கொட்டகையில் நின்ற அத்தனையும் கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. சத்தம் கிடையாது, வால்கூட ஆடவில்லை. மண்வெட்டி வைத்திருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

ஒரு வாரத்தில் உங்க அப்பா பழைய மணிக்கம்பம் உளுத்துவிட்டது என்று ஆபீசரிடம் சொல்லி, அவனை வைத்த இடத்தில் புதுக் கம்பத்தை நட்டுத் தண்டவாளத்தை மாட்டினார். கம்பம் நிற்கிற இடத்தை யாரும் தோண்ட மாட்டார்கள் என்பது அவர் யோசனை. மணி அடிக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இனி எழுதப்போவது உன்னைப் பற்றி. கோபப்பட்டால் படு, ஆனால் கிழித்துப் போடாதே. சாவைப் பதியவில்லை. பதிந்தால் எதனால் என்று கேட்பார்கள். பால்வாடிப் பதிவேட்டில் அவன் உயிரோடுதான் இருந்தான். ஆய்வுக்கு ஆள் வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக் காட்டி அவன் பெயரைச் சொல்வார்கள். பண்ணையில் எல்லாமே கூட்டு, பொய்யும் கூட்டாகத்தான் சொன்னோம். ஒன்றரை வருஷம் கழித்து நீ பிறந்தாய். மகன் பிறந்துவிட்டான் என்றதும் ஊர்ப் பெரிய ஆட்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "பதிவேட்டுல பேரு சும்மாதான கெடக்கு. இவனுக்கு அதையே வச்சிருவோம் தாயி. எல்லாருக்கும் நல்லது" என்றார்கள். அப்படித்தான் கதிரேசன் என்கிற பெயர் உனக்கு வந்தது. அவனுடைய பிறந்த தேதியும் வந்தது. உன் வகுப்பிலேயே நீதான் குட்டை என்று அழுவாயே, உன்னோடு உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் உன்னைவிட மூன்று வயசு மூத்தவர்கள். "வயச யாரும்மா கூட்டிப் போட்டது, நான் மூணு வருஷம் முன்னாடியே ரிட்டயர் ஆகணும்" என்று இப்போதும் முணுமுணுக்கிறாய். சர்டிபிகேட்படி அடுத்த வருஷம் உனக்கு ஐம்பது. உண்மையில் உனக்கு நாற்பத்தேழுதான் நடக்கிறது. அந்த மூன்று வருஷம் அவனுடையது.

நீ பிறந்து மூன்று நாள் என்னிடம் பால் இறங்கவில்லை. ஊரில் இருந்த எல்லாப் பொம்பளைகளும் வந்து ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நாலாம் நாள் மத்தியானம் மணி விழுந்தது. அந்த வாரம் உங்க அப்பா எனக்குப் பதிலாக அடித்துக்கொண்டிருந்தார். தானாகக் கொட்டத் தொடங்கியது. ஆனால் வீட்டில் வைத்து நீ வாயை வைக்கமாட்டேன் என்றாய். உன்னைத் தூக்கிக்கொண்டு கம்பத்தடிக்கு ஓடினேன். அங்கே குடித்தாய். அதற்கப்புறம் ஒரு வருஷம் உனக்கு நான் பால் கொடுத்ததெல்லாம் அந்தக் கம்பத்தடியில்தான். நீ குடிக்கும்போது கண்ணை மூடவே மாட்டாய். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே குடிப்பாய்.

பதிவேட்டில் ஏழு வயசு, நிஜத்தில் நாலு, அப்படி உன்னை முதல் வகுப்பில் சேர்த்த வருஷம் டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். "பேர் கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறான்மா. காது நல்லாத்தான கேக்குது?" என்று கேட்டார். நன்றாகக் கேட்கும் என்றேன். டீச்சர் சொன்னார், "கதிரேசன்னு கூப்பிட்டா, 'அவன் இன்னைக்கி வரல டீச்சர்'ங்கிறான்." உனக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை ராசா. ஊர்க் கட்டுப்பாடு அப்படி. வீட்டுக்கு வந்து உன்னை அடித்தேன். உன்னை நான் அடித்தது அந்த ஒரு முறைதான், அதற்கும் நீ காரணமில்லை. மறுநாளிலிருந்து நீ "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லத் தொடங்கினாய். நானோ இன்றுவரை உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உன் கல்யாணத்தில் மருமகள்கூடக் கேட்டாள், ஏன் அத்தே எப்பவும் ராசா ராசான்னே கூப்பிடுறீங்க என்று. செல்லம் என்று சொல்லி வைத்தேன். எனக்கு அந்தப் பெயரைச் சொன்னால் அடுப்படியில் சாக்குக்குப் பின்னால் பார்க்கத் தோன்றும்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது பண்ணையை மூடினார்கள். மாடுகளை ஏலத்தில் விட்டார்கள், ஆபீசர்கள் போனார்கள், சுவர் வரைபடம் மழையில் கரைந்தது. ஓடைக்கரையில் சுடுகாட்டுக்கு இடம் கிடைத்தது, உங்க அப்பா அங்கேதான் இருக்கிறார். எல்லோரும் சொந்தமாக மாடு வாங்கிப் பெயர் வைத்தார்கள். நான் மட்டும் தினமும் மூன்று மணிக்குப் போய் மூன்று அடி அடித்துவிட்டு வந்தேன். மதுரையிலிருந்து உன் சிநேகிதர்களைக் கூட்டி வந்தபோது, "அம்மாவுக்கு அது ஒரு பழக்கம்டா மாப்ள" என்று நீ வெட்கப்பட்டுச் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு வருத்தமில்லை. ஆனால் நீ கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மணி விழுந்ததும் ஒவ்வொரு வீட்டுத் தொழுவத்திலும் மாடு கழுத்தைத் திருப்பும். தேனிச் சந்தையில் வாங்கிய மாடு, போன மாசம் பிறந்த கன்று, எதுவும் அந்தப் பண்ணையைப் பார்த்ததில்லை. எல்லாம் கம்பத்தைப் பார்த்துத் திரும்பும். கம்பத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கிறது. பஞ்சக் காலத்தில்கூட ஒரு ஆடும் அதில் வாய் வைத்து நான் பார்க்கவில்லை.

பழக்கம்தான், சத்தம் கேட்டால் மாடு திரும்பத்தான் செய்யும் என்று நீ சொல்வாய். நானும் அப்படிச் சொல்லித்தான் என்னைத் தேற்றி வைத்திருந்தேன். நான் விழுந்து இடுப்பை உடைத்து இங்கே மதுரை ஆனையூரில் உன் வீட்டுக்கு வந்து ஒரு மாசமாகிறது. மணியை அடிக்க ஆளில்லை. போன வாரம் எதிர்வீட்டுச் சாந்தா ஃபோன் பண்ணினாள். "அக்கா, நீங்க எப்ப வாரீக?" என்றாள். ஏன் என்றேன். "மணி அடிக்கலக்கா. ஆனா மூணு மணியானா மாடுக திரும்புதுக. முன்ன பாத்துட்டுக் குனிஞ்சிரும். இப்பக் குனிய மாட்டேங்குதுக. பொழுது சாயிற வரைக்கும் அங்கனயே பாத்துக்கிட்டு நிக்குதுக. தண்ணி காட்டுனாலும் குடிக்கல. எனக்கு ஒரு மாதிரியா இருக்குக்கா" என்றாள். அன்றைக்கு மத்தியானம் உன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் படுத்திருக்குமே, சுவரொட்டி தின்கிற வெள்ளை மாடு, அது எழுந்து நின்று நம்ம ஊர் இருக்கிற தென்மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் நேராக அதன் முகத்தில் அடிக்கிறது. மூன்று மணி வெயிலுக்கு முகத்தைக் கொடுத்து எந்த மாடாவது நிற்குமா, நீயே சொல். எனக்கு நெஞ்சு கனத்தது. கையை வைத்துப் பார்த்தேன். ராசா, எழுபத்தோரு வயசில் என் ரவிக்கை ஈரமாக இருந்தது. வேர்வை என்று மருமகள் சொன்னாள். இருக்கலாம்.

இவ்வளவும் கிழவியின் பிரமை என்று நீ நினைத்தால் அதிலும் எனக்குச் சண்டையில்லை. அவனை நம்பாவிட்டாலும் சுண்ணாம்பை நம்பு. அடைப்பான் கண்ட மாடுகள் புதைத்த குழியில் என் பேத்தி குடிக்கிற தண்ணீருக்குத் தொட்டி கட்டப் பார்க்கிறாய். பேரையூரில் மாட்டு டாக்டரிடம் போ, பஞ்சாயத்தில் சொல், அந்த மூலைக்கு வேலி போடு, வீட்டைத் தெற்கே தள்ளிக் கட்டு. வாஸ்துக்காரர் முகம் சுளித்தால் அவரையே அங்கே குடியிருக்கச் சொல். நீ அந்த இடத்தை வாங்கியபோது எனக்கு எம்புட்டு சந்தோஷம் தெரியுமா? இனி வேற்றாள் யாரும் தோண்ட மாட்டான் என்று நிம்மதியாகத் தூங்கினேன். என் சொந்த மகனே தோண்டுவான் என்று நினைக்கவில்லை. அது உன் தப்பில்லை. சொல்லாமல் இருந்தது என் தப்பு.

அம்மாக்கள் கடிதம் எழுதினால் புத்தி சொல்லாமல் முடிக்க மாட்டார்கள், நானும் சொல்லிவிடுகிறேன். ஒரு சட்டம் தப்பு என்று உனக்குப் பட்டால் ஊர் நடுவில் நின்று தப்பு என்று சொல். வெளியே தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் மறைத்து வைக்காதே. மறைத்து வைப்பது உன் பிள்ளைக்குப் பக்கத்தில்தான் போய்ப் படுத்துக்கொள்ளும். டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல், மானம் போனாலும் பரவாயில்லை. புதுசாக எதைக் கட்டினாலும், அது ஊராக இருந்தாலும் வீடாக இருந்தாலும், செத்தவர்களுக்கு ஒரு மூலையை முதலிலேயே ஒதுக்கி வை. நாங்கள் ஒதுக்கவில்லை. அதனால் அவன் உன் பெயரில் வந்து தங்கிவிட்டான்.

கடிதத்தை நான் ஒட்டவில்லை. மருமகள்தான் நாளைக் காலை பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவருகிறாள். வழியில் அவள் படிக்கட்டும். நீ படித்தபின் சாந்தாவிடம் கொடு, ஊரில் யார் கேட்டாலும் வாசித்துக் காட்டு. கூட்டாகச் சொன்ன பொய், கூட்டாகவே கலையட்டும். அன்றைக்கு அந்தக் குழியைச் சுற்றி நின்றவர்களில் இன்று நான் ஒருத்திதான் மிச்சம்.

இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஜேசிபியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூன்று மணிக்குக் கம்பத்தடிக்குப் போ. எனக்காகத் தண்டவாளத்தில் மூன்று அடி அடி. மாடுகள் திரும்பும், பயப்படாதே. பிறகு கதிரேசன் என்று சத்தமாகக் கூப்பிடு. இத்தனை வருஷமாக அந்தப் பெயரை யார் சொன்னாலும் நீதான் ஏன் என்று குரல் கொடுத்தாய். அன்றைக்கு மட்டும் கொடுக்காதே. கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். பதில் சொல்ல வேண்டியது நீ இல்லை.

உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா